ஸ்டான்ஃபோர்ட் சிறை முதல் மார்ஷ்மெல்லோ வரை: உளவியல் பாடத்தில் எது நிற்கிறது, எது ஆடுகிறது?

உளவியல் முதலாமாண்டுப் புத்தகத்தைத் திறந்தால் சில சோதனைகள் தவறாமல் இருக்கும். ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை, மில்கிராமின் மின்னதிர்ச்சிப் பெட்டி, நியூயார்க்கில் ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்த்தும் சும்மா இருந்த 38 பேர், மார்ஷ்மெல்லோ மிட்டாய்க்காகக் காத்திருந்த குழந்தைகள். தேர்வில் கேள்வியாக வருவதும் இவைதான். ஆனால் அதே மாணவர் இணையத்தில் தேடினால் ‘இதெல்லாம் மோசடி’ என்று அரை மணி நேர வீடியோ வந்து நிற்கிறது. சிறைச் சோதனையை நடத்திய ஃபிலிப் ஜிம்பார்டோ 2024 அக்டோபரில் காலமானபோது வெளிவந்த அஞ்சலிக் கட்டுரைகளிலும், அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த சோதனையும் அதன் மீதான குற்றச்சாட்டுகளும் அடுத்தடுத்த பத்திகளில் இருந்தன.

அப்படியானால் எதை நம்புவது? எல்லாமே உண்மை என்பதும் தவறு, எல்லாமே பொய் என்பதும் தவறு. கதையாகச் சொல்ல வசதியான சோதனைகளில் பல ஆட்டம் கண்டிருக்கின்றன. சொல்லும்போதே கொட்டாவி வரவைக்கும் சோதனைகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள இரண்டு அடிப்படை விஷயங்கள் தெரிய வேண்டும்.

சோதனை என்று எதைச் சொல்கிறோம்

1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியதைத்தான் நவீன உளவியலின் பிறப்பாகப் புத்தகங்கள் குறிக்கின்றன. மனத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பதோடு நிற்காமல், அளந்து பார்ப்பது என்ற பழக்கம் அங்கிருந்து பரவியது. அளப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

1. சீரற்ற ஒதுக்கீடு. யார் எந்தக் குழுவுக்குப் போகிறார்கள் என்பதை ஆய்வாளரோ பங்கேற்பாளரோ தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். காபி குடித்தால் நினைவாற்றல் கூடுமா என்று பார்க்க, காபி பிடித்தவர்களை ஒரு பக்கமும் பிடிக்காதவர்களை மறுபக்கமும் வைத்தால் எதுவும் தெரியாது.

2. ஒப்பீட்டுக் குழு. எந்த மாற்றமும் செய்யப்படாத ஒரு குழு பக்கத்தில் இருந்தால்தான், வந்த விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியும்.

3. தொடர்பு வேறு, காரணம் வேறு. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. மார்ஷ்மெல்லோ விவகாரம் முழுக்க இந்த இடத்தில்தான் சிக்கியது.

4. மறுசோதனை. வேறொருவர், வேறு ஆட்களை வைத்து, அதே முறையில் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். ஒருமுறை வந்தது தற்செயலாக இருக்கலாம்.

நான்காவதைச் செய்வதற்கு நெடுங்காலம் யாருக்கும் ஆர்வமில்லை. ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்தால் ஆய்விதழ்கள் பிரசுரிக்காது, பதவி உயர்வும் கிடைக்காது.

0.05 என்ற எண் செய்த வேலை

ஆய்வுக் கட்டுரைகளில் ‘பி மதிப்பு 0.05-க்குக் கீழே’ என்று வரும். இரு குழுக்களுக்கும் இடையே உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும், கைக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி மதிப்பு. அது 100-க்கு 5-ஐ விடக் குறைவாக இருந்தால் முடிவு ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்று ஏற்கப்படும். ‘முடிவு 95 சதவீதம் உண்மை’ என்று இதற்குப் பொருள் சொல்வது தவறு. ஆனால் பல வகுப்புக் குறிப்புகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இப்போது ஓர் ஆய்வாளர் ஒன்றுமே இல்லாத இடத்தில் 20 விதமாக அளந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏமாற 5 சதவீத வாய்ப்பு. இருபதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், குறைந்தது ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எழுதி, மீதிப் பத்தொன்பதைச் சொல்லாமல் விட்டால்? படிப்பவருக்கு ஒரு கண்டுபிடிப்பு தெரியும். அதன் பின்னால் கிடக்கும் குப்பை தெரியாது.

இதை ஜோசஃப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் ஆகிய மூவர் 2011-ல் வேடிக்கையாக நிரூபித்தார்கள். மாணவர்களில் சிலருக்கு 64 வயதைப் பற்றிய பீட்டில்ஸ் பாட்டைப் போட்டார்கள், மற்றவர்களுக்குச் சாதாரண இசைத்துணுக்கு ஒன்றை. பிறகு பிறந்த தேதியைக் கேட்டார்கள். பீட்டில்ஸ் கேட்டவர்கள் சராசரியாக ஒன்றரை வயது இளமையானவர்கள் என்று முடிவு வந்தது! இளமையாக உணர்ந்தார்கள் என்பதில்லை, பிறப்புச் சான்றிதழ்படியே இளமை. பாட்டுக் கேட்டால் பிறந்த தேதி மாறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கில் ஒரு எண்ணையும் அவர்கள் மாற்றவில்லை. பல கேள்விகள் கேட்டு, அவற்றில் அப்பாவின் வயதை மட்டும் கணக்கில் சேர்த்து, முடிவு சாதகமாக வந்ததும் ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். இப்படி நான்கு விதமான சின்னச் சுதந்திரங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டால், பொய்யான முடிவு வரும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து சுமார் 60 சதவீதமாக ஏறும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்றைக்கு இவையெல்லாம் பெரும்பாலான ஆய்வாளர்கள் கூச்சமில்லாமல் செய்துகொண்டிருந்தவை. யாரும் தன்னை மோசடிக்காரர் என்று நினைக்கவில்லை.

அதே 2011-ல் இன்னும் இரண்டு அடிகள் விழுந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், மனிதர்களால் எதிர்காலத்தை முன்கூட்டியே உணர முடியும் என்று 9 சோதனைகளுடன் ஒரு முன்னணி ஆய்விதழில் எழுதினார். முறைப்படி பார்த்தால் கட்டுரையில் பெரிய குறை இல்லை, சிக்கலே அதுதான். வழக்கமான முறை இப்படியொரு முடிவையும் உள்ளே விடுமென்றால், வேறு எதையெல்லாம் விட்டிருக்கும்? சில மாதங்களில் நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாபெல் என்ற பிரபல சமூக உளவியலாளர் தரவுகளையே கற்பனையாக எழுதியது வெளிவந்தது. அவருடைய 58 கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது

பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த ஒரு பெரிய கூட்டணி, 2008-ல் மூன்று முக்கிய இதழ்களில் வந்த ஆய்வுகளிலிருந்து 100-ஐ எடுத்து மீண்டும் செய்து பார்த்தது. 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. முதல் தடவை 97 ஆய்வுகள் குறிப்பிடத்தக்க விளைவைக் காட்டியிருந்தன. மறுசோதனையில் 36 சதவீதம் மட்டுமே தேறின. விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. நினைவு, கவனம் போன்றவற்றை ஆராயும் அறிதல் உளவியலில் ஏறக்குறைய பாதி தேறின. சமூக உளவியலில் நாலில் ஒன்றுதான்.

‘மூன்றில் இரண்டு பங்கு உளவியல் பொய்’ என்று பத்திரிகைகள் எழுதின. அப்படிச் சொல்ல முடியாது. ஒருமுறை தேறாததாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆட்கள் மாறியிருக்கலாம், மறுசோதனையிலேயே குறை இருக்கலாம். டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2016-ல் அதே இதழில் இதைச் சொல்லி மறுப்பு எழுதினார்கள். ஆனாலும் ‘அச்சில் வந்துவிட்டது, அதனால் உண்மை’ என்ற நிம்மதி அதோடு போயிற்று.

சரி, இனி பாடப்புத்தகத்துக்கு வருவோம்.

ஸ்டான்ஃபோர்ட் சிறை: சோதனையா, நாடகமா

1971 ஆகஸ்ட். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியல் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு போலிச் சிறை. நாளிதழ் விளம்பரம் பார்த்து வந்தவர்களில் 24 இளைஞர்கள் தேர்வானார்கள். நாளொன்றுக்கு 15 டாலர். குலுக்கல் முறையில் சிலர் காவலர்கள், சிலர் கைதிகள். இரண்டு வாரம் நடக்க வேண்டியது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காவலர்கள் அவ்வளவு கொடுமைக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்பதுதான் புத்தகத்தில் இருக்கும் முடிவு: நல்லவர்களைக்கூடச் சூழ்நிலை கெட்டவர்களாக்கும், யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சிக்கல் அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் ஆவணக் காப்பகத்தில் உள்ள ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ டெக்சியே ஆராய்ந்து, 2018-ல் ஒரு நூலும் 2019-ல் ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் கட்டுரையும் எழுதினார். அவற்றிலிருந்து தெரிவது:

1. சோதனை தொடங்கும் முன்பே காவலர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. கைதிகளிடம் சலிப்பையும் ஓரளவு பயத்தையும் உண்டாக்கலாம், அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதாக உணரவைக்கலாம் என்று ஜிம்பார்டோவே விளக்கினார்.

2. மென்மையாக நடந்துகொண்ட ஒரு காவலரைச் சிறை வார்டனாக இருந்த மாணவர் தனியே அழைத்து, ஒவ்வொரு காவலரும் கறாராக இருப்பது அவசியம் என்று வற்புறுத்தியது ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தக் காவலர் மசியவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது.

3. கைதிகளுக்கான விதிகளில் பல காவலர்களின் சொந்தக் கற்பனை அல்ல. அதே வார்டன் சில மாதங்களுக்கு முன் மாணவர் விடுதியில் நடத்திய ஒரு போலிச் சிறைப் பயிற்சியிலிருந்து வந்தவை.

4. ஜிம்பார்டோ ஆய்வாளராக மட்டும் இருக்கவில்லை. சிறைக் கண்காணிப்பாளர் வேடத்தையும் தானே எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தால் ஸ்கோரை யார் நம்புவது?

மிக மோசமாக நடந்துகொண்ட காவலர், தான் திட்டமிட்டே ஒரு வேடம் போட்டதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். காவலர்களில் கொடுமை செய்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் என்பது ஜிம்பார்டோவின் சொந்த எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் புத்தகச் சுருக்கங்களில் மீதி இரண்டு பங்கு காணாமல் போய்விடும். அப்புறம், அந்த விளம்பரம். ‘சிறை வாழ்க்கை பற்றிய ஆய்வு’ என்று அதில் வெளிப்படையாக இருந்தது. 2007-ல் தாமஸ் கார்னஹான், சாம் மெக்ஃபார்லண்ட் இருவரும் அந்தச் சொற்கள் உள்ள விளம்பரம் ஒன்றும் இல்லாத விளம்பரம் ஒன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறை என்று படித்துவிட்டு வந்தவர்களிடம் முரட்டுத்தனமும் அதிகார மோகமும் கூடுதலாக இருந்தன. அதாவது குலுக்கல் போடுவதற்கு முன்பே கூட்டம் சலிக்கப்பட்டிருந்தது.

பிபிசி 2002-ல் ஒளிபரப்பிய இன்னொரு போலிச் சிறை ஆய்வை ஸ்டீஃபன் ரைக்கர், அலெக்ஸ் ஹாஸ்லம் ஆகியோர் நடத்தினார்கள். அங்கே காவலர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அவர்களால் ஒரு குழுவாகவே சேர முடியவில்லை, கைதிகள்தான் ஒன்றுசேர்ந்தார்கள். மாட்டிய வேடம் மட்டும் மனிதனைக் கொடியவனாக்கிவிடாது என்று அது காட்டியது.

ஸ்டான்ஃபோர்ட் சிறையை உளவியல் சோதனை என்ற தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு ஆய்வு நெறிமுறை என்ற தலைப்பில் வைப்பதே சரி என்பது என் கருத்து. பங்கேற்பாளர்களை எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மில்கிராம்: எண் நிற்கிறது, விளக்கம் ஆடுகிறது

மில்கிராமை இதோடு சேர்த்து ஒரே கூடையில் போடுவது அநியாயம். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் தொடங்கிய சோதனை அது. நியூ ஹேவன் நகரத்து ஆண்களுக்கு 4 டாலரும் பயணச் செலவுக்கு 50 சென்ட்டும் தந்து, ‘நினைவாற்றலும் கற்றலும்’ பற்றிய ஆய்வு என்று சொல்லி அழைத்தார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு படி கூடுதலாக மின்னதிர்ச்சி தர வேண்டும்: 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை, 30 பொத்தான்கள். மின்சாரம் பாயவில்லை, அடுத்த அறையில் இருந்தவர் நடிகர். எத்தனை பேர் கடைசிவரை போவார்கள் என்று மில்கிராம் கேட்டபோது மனநல மருத்துவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்றார்கள். 1963-ல் வெளியான முடிவில் 40 பேரில் 26 பேர் போனார்கள். 65 சதவீதம்.

இது பெரும்பாலும் மறுசோதனையில் நின்றிருக்கிறது. ஜெர்ரி பர்கர் 2009-ல் நெறிமுறை கருதி 150 வோல்ட்டோடு நிறுத்திச் செய்தபோது 70 சதவீதம் பேர் அந்தக் கட்டத்தைத் தாண்டத் தயாராக இருந்தார்கள்; மில்கிராமின் அதே கட்டத்தில் அது 82.5. போலந்தில் 80 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 90 சதவீதம் பேர் பத்தாவது பொத்தான் வரை போனார்கள்.

ஆட்டம் காண்பது விளக்கத்தில். ‘மனிதர்கள் உத்தரவுக்குக் கண்மூடிக் கீழ்ப்படிகிறார்கள்’ என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் மில்கிராம் இருபதுக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் செய்திருக்கிறார். ஆய்வாளர் தொலைபேசியில் உத்தரவிட்டபோது கடைசிவரை போனவர்கள் 20 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. ஆக, 65 என்பது மனித இயல்பின் நிலையான எண் அல்ல, ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டின் எண்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் சுவாரசியம் கூடும். பங்கேற்பாளர் தயங்கும்போது ஆய்வாளர் வரிசையாக நான்கு வாசகங்கள் சொல்ல வேண்டும். முதலாவது ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்ற வேண்டுகோள். இரண்டாவது, ‘சோதனைக்கு நீங்கள் தொடர்வது தேவை’. நான்காவது, ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’. நான்கில் அசல் உத்தரவு என்றால் இதுதான். பர்கரின் ஆய்வில் இந்த நான்காவது வாசகத்தைக் கேட்ட பிறகு தொடர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அறிவியலுக்கு உதவுகிறோம் என்று நம்பியவரை மனிதர்கள் போனார்கள். வெறும் அதிகாரம் பேசியபோது எழுந்துவிட்டார்கள். கீழ்ப்படிதல் என்பதைவிட, ஒரு நோக்கத்தோடு தங்களைச் சேர்த்துக்கொள்ளுதல் என்று இதை விளக்குவோர் இன்று அதிகம். அது இன்னும் கலவரப்படுத்தும் விளக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏதோ ஏமாற்று வேலை நடக்கிறது என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். மில்கிராமின் பின்தொடர் படிவத்தில், அதிர்ச்சி உண்மையானது என்று முழுமையாக நம்பியதாகச் சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். இதையும் புத்தகங்கள் அபூர்வமாகவே சொல்கின்றன.

38 சாட்சிகள்: செய்தி தவறு, ஆய்வு சரி

1964 மார்ச் 13 அதிகாலையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதிய செய்திதான் 38 பேர் அரைமணி நேரத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கதையின் மூலம். ரேச்சல் மேனிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகியோர் 2007-ல் வழக்கு ஆவணங்களைப் பார்த்து, அப்படி 38 பேர் பார்த்ததற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். பெரும்பாலோர் சத்தம் மட்டும் கேட்டவர்கள். இரண்டாவது தாக்குதல் தெருவிலிருந்து தெரியாத ஒரு மாடிப்படி இடத்தில் நடந்தது. ஓர் அண்டை வீட்டுப் பெண் ஓடிவந்து, உயிர் போகும் நிலையில் இருந்தவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த நாளிதழே 2016-ல் தன் பழைய செய்தியில் குறைகள் இருந்ததாக ஒப்புக்கொண்டது.

ஆனால் இந்தத் தவறான செய்தியிலிருந்து பிறந்த ஆய்வு உருப்படியானது. ஜான் டார்லி, பிப் லடானே 1968-ல் செய்த சோதனையில், இன்டர்காம் வழியே ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கும். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். பார்வையாளர் விளைவு என்று இதைச் சொல்கிறோம். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் பின்னர் இதை உறுதி செய்தன. கூடவே, ஆபத்து வெளிப்படையாக இருக்கும்போது இந்த விளைவு வலுவிழக்கிறது என்றும் காட்டின. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார்.

மார்ஷ்மெல்லோ, மன உறுதி, மற்றவை

வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் வளாக மழலையர் பள்ளியில் செய்தது: இப்போதே ஒன்று சாப்பிடலாம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990-ல் வந்த பின்தொடர் ஆய்வு சொன்னது. அந்தக் குழந்தைகள் ஒரு பணக்காரப் பல்கலைக்கழக வளாகத்துக் குழந்தைகள். டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட, பலவகைப் பின்னணி கொண்ட குழந்தைகளை வைத்து 2018-ல் பார்த்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பத் திறனையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெரியவரிடம் குழந்தைகள் காத்திருப்பதில்லை என்பதை 2013-ல் இன்னொரு குழு காட்டியது. நாளைக்குக் கிடைக்குமா என்றே நிச்சயமில்லாத வீட்டில் வளரும் குழந்தை கையில் இருப்பதைச் சாப்பிடுவது புத்திசாலித்தனம்தான்.

மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற ராய் பாமைஸ்டரின் 1998 முடிவை 23 ஆய்வகங்கள் 2,100-க்கும் மேற்பட்டோரை வைத்து 2016-ல் சோதித்தபோது விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். கையை விரித்துக் கம்பீரமாக நின்றால் ஹார்மோன் மாறும் என்ற 2010 ஆய்வில் இருந்தவர்கள் 42 பேர். 200 பேரை வைத்துச் செய்தபோது ஹார்மோன் மாறவில்லை. முதல் ஆசிரியரான டேனா கார்னியே 2016-ல் இனித் தனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று அறிவித்தார். பயிற்சி முகாம்களில் மட்டும் அந்தக் கம்பீர நிலை இன்றும் நடக்கிறது.

சலிப்பூட்டும் பகுதி ஏன் நிற்கிறது

1885-ல் வெளியிட்ட ஆய்வில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று தன்னையே அளந்தார். 2015-ல் நெதர்லாந்தில் அதே முறையில் திரும்பச் செய்தார்கள். ஏறக்குறைய அதே வளைகோடு வந்தது. சிவப்பு மையில் ‘பச்சை’ என்று எழுதியிருந்தால் மையின் நிறத்தைச் சொல்ல நாக்கு தடுமாறும் என்ற ஸ்ட்ரூப்பின் 1935 சோதனையை எந்த வகுப்பிலும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். தவறாமல் வேலை செய்யும். விளைவு பெரியது, ஒரே ஆளைப் பலமுறை அளக்க முடியும், நடிப்பதற்கு இடமில்லை. அதனால்தான் நிற்கின்றன.

இந்த வரிசையில் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் 2006-ல் செய்தது. ஒரு பாடத்தைப் படித்த பிறகு ஒரு குழு அதையே மறுபடி படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள்: 81-க்கு 75. ஒரு வாரம் கழித்து வைத்தால் தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இந்த ஆய்வு இருக்கும் பக்கத்தையே மஞ்சள் பேனாவால் கோடு போட்டு நாலு முறை படிப்பவர்கள்தான் அதிகம்.

யாரை வைத்துச் செய்தார்கள்

முக்கிய ஆய்விதழ்கள் சிலவற்றை ஜெஃப்ரி ஆர்னெட் 2008-ல் ஆராய்ந்தபோது, பங்கேற்பாளர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் கல்லூரி மாணவர்களே மிகுதி. ‘மனிதர்கள் இப்படி’ என்று புத்தகம் சொல்லும் இடங்களில் பலவற்றை ‘அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இப்படி’ என்று படிக்க வேண்டும்.

இந்தச் சந்தேகத்தின் ஆரம்ப உதாரணங்களில் ஒன்று நீலகிரியில் இருக்கிறது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02-ல் தோடர் மக்களிடையே தங்கிப் பார்வைச் சோதனைகள் செய்தார். சம நீளமுள்ள இரு கோடுகளின் நுனியில் அம்புக்குறியை உள்நோக்கியும் வெளிநோக்கியும் போட்டால் ஒன்று நீளமாகத் தெரியும் அல்லவா, முல்லர்-லையர் மயக்கம்? அதில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மயக்கத்தில் அதிகமாக ஏமாந்தார்கள். பொதுவாகவே கண் மந்தம் என்றோ கூர்மை என்றோ இதை விளக்க முடியாது. மூலை முடுக்கு நிறைந்த கட்டடங்களில் வளர்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1966-ல் மார்ஷல் சீகல் குழுவினர் வாதிட்டார்கள். விலங்குகளிடமும் இந்த மயக்கம் காணப்படுவதால் அந்த விளக்கம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இப்போது என்ன மாறியிருக்கிறது

ஆய்வைத் தொடங்கும் முன்பே கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் பொதுவில் பதிவு செய்துவிடுவது வழக்கமாகி வருகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், முடிவு வருவதற்கு முன்பே திட்டத்தைப் பார்த்துப் பிரசுரத்தை உறுதி செய்யும் முறையை 2013 முதல் சில இதழ்கள் ஏற்றன. இதன் விளைவை ஆனே ஷீல் குழுவினர் 2021-ல் அளந்தார்கள்: வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் கருதுகோளை உறுதி செய்தன, முன்னுறுதி பெற்றவற்றில் 44 சதவீதம். எல்லா ஊகமும் சரியாக வருவது அறிவியலில் நடக்கிற காரியமல்ல என்பதால், 44-தான் நம்பும்படியான எண்.

மாணவர் என்ன செய்யலாம்

எந்தச் சோதனையைப் படித்தாலும் கேட்க வேண்டியவை:

1. எத்தனை பேர், யார்? 42 பேரா, 2,000 பேரா?
2. ஒப்பீட்டுக் குழு இருந்ததா? ஸ்டான்ஃபோர்டில் இல்லை.
3. வேறு யாராவது, வேறு இடத்தில், திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் திரும்பச் செய்து பார்த்தார்களா?
4. எண் நிற்கிறதா, அதற்குத் தரப்பட்ட விளக்கமும் நிற்கிறதா? மில்கிராம் காட்டுவதுபோல் இவை வேறு வேறு.
5. படத்தில் இருப்பது மூலத்தில் இருக்கிறதா? மாஸ்லோவின் தேவைகளின் பிரமிடு வணிக மேலாண்மை முதல் ஆசிரியர் பயிற்சி வரை எல்லா இடத்திலும் இருக்கிறது. 1943-ல் எழுதிய கட்டுரையில் மாஸ்லோ பிரமிடு எதுவும் வரையவில்லை. சார்ல்ஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் 1960-ல் போட்ட படம் அது.

தேர்வில் என்ன எழுதுவது என்ற கவலை நியாயமானது. பாடத்திட்டம் மாறும்வரை வினாத்தாள் பழைய முடிவைத்தான் கேட்கும். எனவே முதலில் சோதனையின் முறை, எண்ணிக்கை, ஆய்வாளர் சொன்ன முடிவு ஆகியவற்றை அப்படியே எழுதிவிடுங்கள். அதன் கீழே ‘விமர்சனங்கள்’ என்று தனித் துணைத்தலைப்புப் போட்டு, யார், எந்த ஆண்டு, மறுபடி ஆராய்ந்து என்ன கண்டார்கள் என்று மூன்று வரி சேருங்கள். ஜிம்பார்டோவுக்கு லெ டெக்சியே 2019, மிஷெலுக்கு வாட்ஸ் 2018, மில்கிராமுக்கு பர்கர் 2009. பெயரும் ஆண்டும் இருந்தால், விடைக்குறிப்பில் இல்லாத வரிகள் என்று திருத்துபவர் அதை அடிப்பது கடினம்.